ஆயாக் கொட்டகையும் ஐந்தாவது படமும்

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் குளிருக்காகப் போவார்கள், ஸ்ட்ராபெரிக்காகப் போவார்கள், தேயிலைச் சரிவின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளப் போவார்கள். நான் ஒரு பெண்ணைச் சந்தேகப்பட்டுப் போனேன்.

அந்தச் சந்தேகம் என்னுடையதல்ல, சென்னையில் எங்கள் ஆய்வு நிறுவனத்தின் தேர்வுக் குழு கொடுத்து அனுப்பியது. பினாங்கில் ஒரு கருத்தரங்குக்குப் போகிறேன் என்றதும், "அப்படியே மலைக்குப் போய் அந்த அம்மாவையும் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார் இயக்குநர். சந்தேகப்படுவதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் எங்கள் நிறுவனத்தில் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் பாட்டிலின் மூடி முதல்முறையாகத் திறக்கும் சத்தம் கேட்காவிட்டால் குடிக்கமாட்டேன். வீட்டைப் பூட்டிய பிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன்.

விஷயம் இதுதான். வாசுகி, கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். குவாண்டம் புலக் கோட்பாட்டில் ஆய்வாளர். இங்கிலாந்தில் பட்டம், இத்தாலியில் இரண்டு வருட வேலை, ஜெர்மனியில் மூன்று, ஜப்பானில் கொஞ்ச காலம், மறுபடி ஜெர்மனி. பெட்டியை முழுதாகப் பிரிப்பதற்குள் அடுத்த ஊருக்கு விண்ணப்பம் போடவேண்டும். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் இளமைக்காலம். நாற்பதைத் தாண்டியும் நிரந்தர வேலை அமையாமல் தோட்டத்துக்கே திரும்பி வந்து, பக்கத்து டவுனான கம்போங் ராஜாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். எங்களிடம் ஒரு பதவிக்கு விண்ணப்பித்திருந்தார்.

கட்டுரைகள் அத்தனையும் பிரமாதம். ஆனால் அத்தனையிலும் கூட ஒரு ஜெர்மன் பேராசிரியர். எங்கள் துறையில் கட்டுரை எழுதியவர்களின் பெயர்களை அகரவரிசையில்தான் போடுவோம். யார் உழைத்தார், யார் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தார் என்று வெளியாருக்குத் தெரியாது. "இதில் இவர் பங்கு எது என்று சொல்ல முடியவில்லை" என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதிவிட்டார். ஜெர்மன்காரரையே கேட்டுவிடலாம் என்றால், அவருக்கு மறதி நோய். மனைவியின் பெயரே நினைவில்லையாம். அவருக்கு நோய் வந்த பிறகு வாசுகியிடமிருந்து ஒரு கட்டுரைகூட வரவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

கம்போங் ராஜாவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஏறி வரும் வழியெல்லாம் முட்டைக்கோஸ் லாரி ஒன்றின் பின்னாலேயே ஊர்ந்து வந்தோம். இந்த மலையைப் பச்சைப் பசேல் என்று நினைத்து வருபவர்களுக்கு முதலில் தெரிவது பிளாஸ்டிக்தான். சரிவு சரிவாகக் கூடாரம், அதற்குள்ளே தக்காளி, பூ, ஸ்ட்ராபெரி. நம் குன்னூரில் ரிசார்ட்டுகள் மலையை விழுங்கியது போல இங்கே கூடாரங்கள் விழுங்கியிருக்கின்றன. அங்கே விற்ற ஸ்ட்ராபெரியின் சிவப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இயற்கையில் எதுவும் அவ்வளவு ஆர்வமாகச் சிவப்பதில்லை.

அழைத்துப்போக வாசுகியின் தம்பி சேகர் வந்திருந்தார். தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். தன் பழைய காரின் கதவைத் திறந்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பசியாறிட்டீங்களா மேடம்?"

காலை உணவுக்கு இங்கே அப்படித்தான் கேட்பார்கள். இல்லை என்றேன். டவுனில் ஒரு கடைக்குக் கூட்டிப்போய் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். நம் ஊர்ப் பரோட்டாவின் வெளிநாடு போய் மெலிந்து வந்த தம்பி. தொட்டுக்கொள்ள நீர்த்த பருப்புக் குழம்பு. தேயிலைத் தோட்டத்தின் நடுவே கிடைத்த தேநீரில் தேயிலையின் ருசியைத் தவிர எல்லாம் இருந்தது. டின் பால் அப்படி. பக்கத்து மேசையில் இருந்த சீனக் காய்கறி வியாபாரி சேகரிடம் மலாயில் ஏதோ கேட்டார். சேகரும் ஏதோ சொன்னார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன கேட்கிறார்?"

"நீங்க இமிகிரேஷன் ஆளான்னு கேக்குறாரு. இல்ல, அக்காவோட கணக்க பாக்க வந்திருக்காங்கன்னு சொன்னேன்."

"அதற்கு என்ன சொன்னார்?"

சேகர் ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னார். "கணக்கு பாக்க வர்றவங்க இமிகிரேஷன விட மோசம்னாரு லா." பேச்சின் வாலில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா' இந்த ஊர் வழக்கம்.

காரில் ஏறிய பிறகுதான் அவர் மனதில் இருந்தது வெளியே வந்தது. "மேடம், தப்பா நெனைக்காதீங்க. இவ்ளோ தூரம் ஒருத்தர் சும்மா வருவாங்களா? அக்கா எதோ புதுசா கண்டுபிடிச்சிருக்கு. ரெண்டு வருசமா ஒக்காந்து எழுதுது. ஒருத்தர்கிட்டயும் காட்டல. இப்ப நீங்க வர்றீங்க."

நான் அவருடைய அக்காளைத் திருடி என்று சந்தேகப்பட்டு வந்தால், அவர் என்னைத் திருடி என்கிறார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

தோட்டம் அழகுதான், மறுப்பதற்கில்லை. முடி வெட்டிவிட்ட தலைகள் போலச் சரிவெல்லாம் தேயிலை. ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாகக் கூடையோடு நிற்பார்கள் என்று நினைத்தவருக்கு ஏமாற்றம். வங்காளதேசத்துப் பையன்கள் இருவர் ஒரு மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு செடிகளின் மேல் நடத்திப் போனார்கள். பின்னால் ஊதிப் பெருத்த பையில் கொழுந்து விழுந்தது. லைன் வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டு.

வாசுகி வாசலில் நின்றார். ஒடிசலான தேகம், தடித்த ஸ்வெட்டர், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. "வாங்க மேடம்" என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அதையும் சந்தேகப்பட்டிருப்பேன்.

அன்று பொதுவாகத்தான் பேசினோம். நான் பழைய கட்டுரைகளைப் பற்றிச் சுற்றி வளைத்துக் கேட்டேன். இந்த உத்தி யாருக்கு உதித்தது, அந்தப் பகுதியை யார் எழுதியது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "ரெண்டு பேரும்தான்." வழுக்குகிறாள் என்று மனதில் குறித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவரே நேராகச் சொன்னார்.

"மேடம், எது அவரோடது, எது என்னோடதுன்னு பாக்கத்தான் வந்திருக்கீங்க. எனக்குத் தெரியும். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நாங்க வேல செஞ்ச விதம் அப்படி."

அந்த விதம் எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இப்போது பாதிப் பேர் கைவிட்டுவிட்டார்கள். துகள்கள் மோதும்போது என்ன நடக்கும் என்பதைக் கோடும் வளையமுமாகப் படம் போடுவோம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நீண்ட கணக்கு. எல்லாவற்றையும் கூட்டினால் விடை. நீண்ட கணக்கில் தவறு வராமல் இருக்காது. அதனால் இரண்டு பேர் ஒரே கணக்கைத் தனித்தனி அறையில் உட்கார்ந்து போடுவார்கள். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. சாப்பாட்டு மேசையில்கூட அதைப் பற்றிப் பேசக் கூடாது. முடித்த பிறகு விடையை மட்டும் ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால், யார் தவறு என்ற பேச்சே இல்லாமல் இருவரும் முதலிலிருந்து மறுபடி போடுவார்கள். அப்போதும் ஒத்துவராவிட்டால்தான் தாள்களைத் திறப்பது. ஜெர்மன்காரரும் வாசுகியும் எல்லாக் கட்டுரைகளையும் அப்படித்தான் செய்தார்களாம். ஒவ்வொரு கணக்கையும் இருவருமே முழுசாகப் போட்டால் எது யாருடையது என்று எப்படிச் சொல்வது?

கேட்க நன்றாக இருந்தது. அளவுக்கு மீறி நன்றாக இருந்தது. சாட்சி சொல்ல வேண்டிய ஆளுக்கு நினைவில்லை என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

"அப்படியானால் இத்தனை நாளாக ஏன் எதையும் வெளியிடவில்லை?"

"அடுத்த ரூம்ல ஆள் இல்ல மேடம்" என்றார். "ஒரு ரிசல்ட் இருக்கு. கரெக்டா இருந்தா பெரிய விசயம். ஆனா நான் மட்டும்தான் போட்டிருக்கேன். இன்னொருத்தர் போடாம வெளிய விடமாட்டேன். பல பேருக்கு எழுதிக் கேட்டேன். கையால இவ்ளோ பெரிய கணக்கு போட யாருக்கும் நேரமில்ல." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க போடுவீங்களா?" என்றார்.

எல்லோரும் கைகழுவிவிட்ட ஒரு கோட்பாடு அது. அதில் படங்களின் விடைகள் முடிவிலியாக வந்து நிற்கும். முடிவிலி வந்தால் கோட்பாடு குப்பைக்கு. ஆனால் எல்லாப் படங்களையும் ஒழுங்காகக் கூட்டினால் ஒன்றின் முடிவிலியை இன்னொன்று தின்றுவிட்டு, முடிவிலியைப் பெருக்கி நிற்கும் எண் கடைசியில் சைபராகிவிடுகிறது என்பது வாசுகியின் முடிவு. உண்மையானால் எங்கள் குழு என்ன, உலகத்தில் எந்தக் குழுவும் இவரை வா வா என்று கூப்பிடும். அவருடைய தாள்களைக் காட்டச் சொன்னேன். மாட்டேன் என்றார். பார்த்துவிட்டால் சோதனை கெட்டுவிடுமாம்.

அருமையான சாக்கு என்று நினைத்தேன். தாளே இல்லையென்றாலும் இதையேதானே சொல்வார்? சரி, இதுவும் நல்லதுதான். நானே போட்டுப் பார்த்தால் இவர் சரக்கு என்ன என்று தெரிந்துவிடும். ஒப்புக்கொண்டேன். உள்ளுக்குள் சின்னதாக ஒரு உதறல் இருந்ததையும் மறைப்பதற்கில்லை. குழுக்களில் உட்கார்ந்து உட்கார்ந்து நான் இவ்வளவு பெரிய கணக்கைக் கையால் தொட்டுப் பல வருடமாகிவிட்டது.

எனக்குக் கொடுத்த அடுத்த அறை ஆயாக் கொட்டகை. தாய்மார்கள் வேலைக்குப் போனதும் தோட்டத்துக் குழந்தைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் இடம். இப்போது குழந்தைகளும் இல்லை, ஆயாவும் இல்லை. தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் சேகர் சாவி வாங்கி வந்தார். "எதுக்கு சாவின்னு நூறு கேள்வி கேட்டாரு கிராணி. இந்தியாலேர்ந்து ஒரு மேடம் வந்து கணக்கு போடப் போறாங்கன்னேன். மேனேஜர் துரைக்குத் தெரியுமான்னு கேக்குறாரு" என்று அலுத்துக்கொண்டார். முழங்கால் உயரப் பெஞ்சுகள். சுவரில் உரிந்துபோன வாத்துப் படம். தூளிக் கயிறு கட்டிய கொக்கிகள் உத்தரத்தில் அப்படியே இருந்தன. பெஞ்சின் மேல் பெஞ்சை ஏற்றி மேசையாக்கி உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் முதலில் படம் போட்டேன். இந்தக் கோட்பாட்டுக்குக் கணினி நிரல் எதுவும் கிடையாது. கையால் வரைவதுதான் வழி. நான்கு படங்கள் வந்தன. வேறு ஏதாவது உண்டா என்று திருப்பித் திருப்பி வரைந்து பார்த்தேன், இல்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கணக்கு. மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து தாளை நமுத்துப்போகச் செய்தது. பேனா வழுக்கியது. முதல் படத்திலேயே ஒரு கழித்தல் குறியைத் தொலைத்து, அதைத் தேடி மத்தியானம் போயிற்று. வெட்கமாக இருந்தது. ஆனால் சாயங்காலத்துக்குள் கை பழகிவிட்டது. என்னை அறியாமல் சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக ஒரு நாள் போய் எத்தனையோ காலமாகிவிட்டது.

சேகரின் லாரி அன்று கொட்டகையைத் தாண்டும்போதெல்லாம் நடை வேகத்துக்கு இறங்கியது. உள்ளே எட்டிப் பார்ப்பார். நான் செல்போனில் எதையாவது படம் பிடிக்கிறேனா என்றுதான். ஒரு தடவை இறங்கியே வந்துவிட்டார்.

"என்ன மேடம், அக்கா கணக்கா இது?"

"இல்லை. என் கணக்கு."

"ரெண்டும் ஒரே கணக்குன்னு அக்கா சொல்லுச்சே."

"ஆமாம்."

"ஒரே கணக்க எதுக்கு ரெண்டு பேரு போடணும்?"

"நாங்கள் யாரும் யாரையும் நம்புவதில்லை."

அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு நிம்மதி தெரிந்தது. "அது சரி லா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராத்திரிச் சாப்பாடு மூவரும் சேர்ந்துதான். வாசுகி நெத்திலிச் சம்பல் நன்றாகச் செய்வார். கணக்கைத் தவிர எல்லாவற்றையும் பேசினோம். லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து வீடுகளில் சேறு புகுந்த வருடம், ஜப்பானில் அறைக்குள் செருப்போடு போய்த் திட்டு வாங்கியது, ஹாம்பர்க்கில் பச்சை மிளகாய்க்காக மூன்று பஸ் மாறியது. ஜெர்மன் பேராசிரியரைப் போய்ப் பார்த்தாரா என்று கேட்டேன்.

"போனேன் மேடம். என்னத் தெரியல. ஆனா டேபிள்ல பேப்பர் வச்சா கைய வச்சு மூடிக்கிறாரு. நான் பாத்துருவேன்னு."

என் சந்தேகம் அங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் மனம் உருகுகிற கதைகளைத்தான் நான் முதலில் சந்தேகிப்பது. அதனால் இன்னொரு கரண்டி சம்பல் போட்டுக்கொண்டு பேச்சை மாற்றினேன்.

அடுத்த நாள் மத்தியானம் என் கணக்கு முடிந்தது. வாசுகியும் தன்னுடையதை மறுபடி ஒருமுறை புதிதாகப் போட்டிருந்தார். கொட்டகைப் பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்தோம். இறுதி விடையை மட்டும் ஆளுக்கொரு துண்டுத்தாளில் எழுதி, ஒரே சமயத்தில் திருப்ப வேண்டும்.

திருப்பினோம். அவருடையது சைபர். என்னுடையது சைபர் இல்லை, ஒரு பின்னம்; அதாவது முடிவிலி அழியவில்லை.

அவர் முகம் மாறவில்லை. தன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மறுபடி போடுவோம்" என்று எழுந்து போனார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பார்த்தாயா, ஜெர்மன்காரர் இல்லாமல் இவரால் ஒரு கணக்குப் போட முடியவில்லை என்று ஒரு மனம் சொன்னது. நீதான் தவறு செய்திருப்பாய், துருப்பிடித்த கிழவி என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டாவது குரல்தான் சத்தமாக இருந்தது.

பழைய தாள்களைப் பார்க்காமல் எல்லாவற்றையும் மறுபடி போட்டேன். அன்றைய ராத்திரிச் சாப்பாட்டின்போது வாசுகியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவரும் என்னுடையதை. தவறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டாளா, ரசத்தை எதற்காக இவ்வளவு நிதானமாக ஊற்றுகிறாள். சேகர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சண்டையா?" என்று கேட்டார். "இல்ல லா, வேல" என்றார் வாசுகி.

மறுநாள் மத்தியானம் மறுபடியும் துண்டுத்தாள். மறுபடியும் அவருக்குச் சைபர், எனக்கு அதே பின்னம்.

இனித் தாள்களைத் திறக்கலாம். அவர் கொண்டுவந்த கட்டைப் பார்த்ததுமே ஒரு விஷயம் எனக்குத் தீர்ந்துவிட்டது. பக்கம் பக்கமாக அடித்தல், திருத்தல், ஓரத்தில் வழி தப்பிப் போய்த் திரும்பி வந்த தடங்கள். மற்றவரிடமிருந்து எடுத்த கணக்குக்கு இத்தனை காயம் இருக்காது. ஆனால் முதல் பக்கத்தைப் பார்த்ததும் என் கட்டைப் புரட்டிப் படங்களை எண்ணினேன். அவரிடம் ஐந்து படங்கள். என்னிடம் நான்கு.

"மேடம்" என்றார் மெதுவாக, "ஒண்ணு விட்டுட்டீங்க போலருக்கே."

ஐந்தாவதைப் பார்த்தேன். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று தாண்டிப் போய் வளையத்தில் சேர்கின்றன. ஒழுங்கான படம். என்னிடம் இல்லாத படம். எவ்வளவு யோசித்தும் அது எனக்கு ஏன் வரவில்லை என்று புரியவில்லை. மற்ற நான்கு படங்களிலும் எங்கள் விடைகள் அச்சாக ஒத்துப்போயின. வித்தியாசம் முழுவதும் இந்த ஒன்றில்தான். காது மடல்கள் சூடாயின. ஒருத்தியைச் சோதிக்க வந்து நானே தேறாமல் போனேன்.

"விட்டுத்தான் விட்டேன்" என்றேன். "உங்கள் விடை சரி. சைபர்தான். வெளியிடுங்கள்."

அப்போது சேகர் சாப்பாட்டு நேரத்துக்கு லாரியை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்றிருந்தார். "சரியா? அக்கா, சரியாம்ல?" என்று கத்தினார்.

வாசுகி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சுலபமா விடுற ஆளு இல்லயே மேடம்" என்றார். "ரெண்டு தடவ போட்டும் உங்களுக்கு ஏன் நாலே வந்துச்சு?"

"தவறிவிட்டேன், அவ்வளவுதான்."

"ரெண்டு தடவயுமா?"

தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். பனி விலகி வெயில் லேசாக வந்திருந்தது. தாளைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தார். பிறகு எழுதிய பக்கம் வெளியே போகும்படி திருப்பிப் பிடித்தார். படங்கள் இடம் வலமாக மாறி மங்கலாகத் தெரிந்தன. ஐந்தாவது படத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு கோடாக நகர்த்தினார். எந்தக் கோடு எதோடு சேர்கிறது என்பதுதான் எங்களுக்குக் கணக்கு. இடம், வலம், குறுக்கு என்பதற்கெல்லாம் பொருள் கிடையாது.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். ஐந்தாவது படம், நான்காவதை முறுக்கித் திருப்பி வரைந்தது. ஒரே ஆளுக்கு வேறு சட்டை போட்டு இரண்டு தடவை எண்ணியிருந்தார். ஐந்தாவது படத்தை நீக்கிவிட்டால் முடிவிலி அப்படியே நிற்கும். கோட்பாடு குப்பைதான், எல்லோரும் முன்பே சொன்னது போல.

"போச்சாக்கா?" என்றார் சேகர்.

"போச்சு."

"ரெண்டு வருசமும்?"

"ஆமாண்டா."

அவர் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை மறக்கமாட்டேன். பிறகு அக்காவிடம் சொன்னார்: "அதான் மேடம் சரின்னு சொல்லிட்டாங்கல்ல. நீ ஏன்க்கா தோண்டுற? நீ சும்மா இருந்திருந்தா வேல கெடச்சிருக்கும்ல?"

"சும்மா இருந்தா பொய்டா அது" என்றார் வாசுகி. அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. குழந்தைகளுக்குச் செய்த அந்தக் குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சேகர் பக்கத்தில் போய் நின்றாரே தவிர என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் வந்ததிலிருந்து அந்தப் பெண்ணைப் பற்றி நினைத்த ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் வந்து, என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. நான் அவர் கையில் கொடுத்த வேலையை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த ஐந்தாவது படத்தை நானே சென்னைக்குச் சுமந்துபோய் சிபாரிசு செய்திருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "தேங்க்ஸ் மேடம். நீங்க போடலன்னா இது வெளிய போயிருக்கும்." பிறகு அடுப்பில் சோறு இருப்பது ஞாபகம் வந்து வேகமாக வீட்டுக்குப் போனார். சோறு அடிப்பிடித்துவிட்டது. அதைத்தான் சாப்பிட்டோம்.

மறுநாள் சேகர்தான் பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விட்டார். பள்ளி விடுமுறையாம், கோலாலம்பூர்க் கார்கள் வரிசை கட்டி நின்றன. "ஜேம் லா மேடம்" என்பதைத் தவிர வழியில் எதுவும் பேசவில்லை. பெட்டியை ஏற்றிவிட்டு, "என்ன எழுதப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். உண்மையை எழுதுவேன் என்றேன். அவர் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பஸ்ஸிலேயே அறிக்கையை எழுதி அனுப்பினேன். மலை இறங்குவதற்குள் இயக்குநர் கூப்பிட்டுவிட்டார். வளைவுக்கு வளைவு அவர் குரல் அறுந்து அறுந்து வந்தது.

"புதிய முடிவு தவறு என்கிறீர்கள். ஆளை எடுக்கச் சொல்கிறீர்கள். ஒன்றும் புரியவில்லையே. அவருடைய பங்கு எது என்று தெரிந்ததா இல்லையா?"

"தெரிந்தது. அந்தத் தவறு அவருடையது, முழுக்க அவருடையது. நான் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகு அதைக் கண்டுபிடித்ததும் அவர்தான்."

"நீங்கள் சரி என்று ஒப்புக்கொண்டீர்களா?"

"ஒப்புக்கொண்டேன்."

ஒரு வளைவு கடந்தது. மறுபடி குரல் வந்தபோது அதில் எனக்கு நன்றாகப் பழகிய சந்தேகம் இருந்தது. கூட ஒருவர் இல்லாமல் அந்த அம்மாவால் வேலை செய்ய முடியாது என்றுதானே இதற்கெல்லாம் அர்த்தம், இங்கே வந்தால் மட்டும் யார் இருக்கிறார்கள் என்றார்.

"அடுத்த அறையில் நான் உட்காருகிறேன்" என்றேன்.